ஓசையும் கோழிக்குஞ்சின் வளர்ச்சியும்

முற்றத்திலே குஞ்சுகளோடு மேய்கின்ற தாய்க்கோழியைச் சிறிது நேரம் அவதானித்தால், அது ஓயாது பேசிக்கொண்டே திரிவது தெரியவரும். காலாற் கிளறி ஒரு புழுவைக் கண்டதும், தாழ்ந்த குரலில் விரைவாக அழைக்கும், குஞ்சுகள் ஓடிவரும். வானத்திற் பருந்தைக் கண்டதும் வேறொரு குரல் எழும். குஞ்சுகள் செடியடியில் அசைவற்றுப் பதுங்கும். வழி தவறிய குஞ்சொன்று வேலிக்கப்பால் நின்று கீச்சிட்டால், மேய்ச்சலை விட்டுத் தாய் அங்கே ஓடும். கிராமத்துப் பிள்ளைகள் எல்லோரும் அறிந்த காட்சி இது.

எளிய இக்காட்சியிலே அரியதொரு கேள்வி அடங்கியிருக்கிறது. தாயின் குரல் குஞ்சின் செவியில் விழுகிறது. குஞ்சின் கால்கள் ஓடுகின்றன. அவ்வளவோடு அக்குரலின் வேலை முடிந்துவிடுகிறதா? அன்றி, செவிவழியே புகுந்த ஓசை உடலின் சுரப்பிகளைத் தூண்டியோ அடக்கியோ, குருதியின் தன்மையை மாற்றி, குஞ்சு வளரும் விதத்தையும் மாற்றுகிறதா? தாயின் குரலைக் கேளாமலே கோடிக்கணக்கான குஞ்சுகள் பொறிகளிற் பிறந்து கொட்டில்களில் வளரும் இக்காலத்தில், இது வெறும் ஏட்டுக் கேள்வியன்று. இதற்கு விடை தேடிய வரலாறு ஒன்றே முக்கால் நூற்றாண்டுக்கு நீள்கிறது. அவ்வரலாறு தொடங்கியதோ எதிர்த்திசையிலிருந்து. ஓசை சுரப்பியை என்ன செய்கிறது என்று முதலில் எவரும் கேட்கவில்லை. சுரப்பி ஓசையை என்ன செய்கிறது என்பதே முதலில் வெளிப்பட்டது.

1849 ஆம் ஆண்டில் ஜேர்மனியின் கொட்டிங்கன் நகரிலே, ஆர்னோல்ட் அடொல்ஃப் பெர்தோல்ட் என்னும் பேராசிரியர் ஆறு இளஞ்சேவல்களைக்கொண்டு ஒரு பரிசோதனை செய்தார். விதை நீக்கிய சேவலுக்குக் கொண்டை வாடும், போர்க்குணம் போய்விடும், கூவும் குரலும் மங்கிவிடும் என்பதைக் கோழி வளர்ப்போர் தொன்றுதொட்டே அறிவர். பெர்தோல்ட் சில சேவல்களின் விதைகளை முற்றாக நீக்கினார். வேறு சிலவற்றுக்கு, வெட்டியெடுத்த விதையொன்றை வயிற்றறையினுள் குடலின் அருகே வைத்து மூடினார். முதல் வகையினவற்றின் கொண்டை சிறுத்தது, அவை கூவவில்லை. இரண்டாம் வகையினவோ மற்றைச் சேவல்களைப் போலவே கொண்டை சிவந்து, சண்டையிட்டு, உரக்கக் கூவின. பின்னர் அறுத்துப் பார்த்தபோது, இடம் மாறிய விதையிலே புதிய குருதிக்கலன்கள் ஓடியிருந்தன. பழைய நரம்புத் தொடர்போ அறுந்தே கிடந்தது. ஆகவே, சேவலைக் கூவச் செய்யும் செய்தி நரம்புவழியே செல்லவில்லை, குருதிவழியே செல்கிறது என்று அவர் முடிவு செய்தார். நான்கே பக்கங்களில் அவர் எழுதிய அக்கட்டுரையை அக்காலத்தார் பெரிதாக மதிக்கவில்லை. இன்றோ, ஓமோன் பற்றிய ஆராய்ச்சியின் முதற்படி அதுவே என்று வரலாற்றாசிரியர் பலர் கொள்கின்றனர்.

ஓமோன் என்னும் பெயர் தோன்ற மேலும் அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. ஒரு சுரப்பியிலிருந்து குருதியிற் கலந்து, தொலைவிலுள்ள உறுப்பொன்றைச் செயற்படத் தூண்டும் பொருளுக்கு 1905 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஏர்னஸ்ட் ஸ்டார்லிங் இப்பெயரை இட்டார். தூண்டுதல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது அது. அதன்பின் சேவலின் கொண்டையே விஞ்ஞானிகளுக்கு ஓர் அளவுகோலாயிற்று. விதை நீக்கிய சேவலுக்கு ஒரு சாற்றைக் கொடுத்துக் கொண்டை எவ்வளவு வளர்கிறது என்று அளந்து, அச்சாற்றிலுள்ள ஆண் ஓமோனின் வலிமையைக் கணித்தார்கள். 1935 ஆம் ஆண்டிலே தெஸ்தோஸ்தெரோன் என்னும் ஆண் ஓமோன் தூய நிலையிற் கிடைத்தது. அதைச் சின்னஞ்சிறு குஞ்சுகளுக்குச் செலுத்தியபோது, மஞ்சள் மயிர் மாறாத அக்குஞ்சுகள் கொண்டை வளர்ந்து, மெல்லிய குரலிலே சேவலைப்போற் கூவத் தொடங்கின! குரல் என்பது குருதியில் ஓடும் பொருளொன்றின் விளைவு என்பது இவ்வாறு ஐயமின்றி நிறுவப்பட்டது. ஆயினும் அக்குரலைக் கேட்கும் உயிரின் குருதியில் என்ன நிகழ்கிறது என்பது அப்போதும் கேட்கப்படாத கேள்வியாகவே இருந்தது.

இதனிடையே, ஆய்வுகூடத்துக் கத்தியையும் குப்பியையும் நாடாமல், குஞ்சின் நடத்தையை மாத்திரம் கூர்ந்து நோக்கிய வேறொரு பரம்பரையும் வளர்ந்து வந்தது. அதன் வேர் மிகப் பழையது. முட்டைக்குள்ளே வளரும் கோழிக்குஞ்சை நாள்தோறும் ஆராய்ந்த கிரேக்க அறிஞர் அரிஸ்தோத்தில், இருபதாம் நாளளவில் முட்டையைத் திறந்து தொட்டால் குஞ்சு அசைந்து குரல் கொடுக்கும் என்று எழுதிவைத்தார். வெளியுலகைக் காணுமுன்னரே குஞ்சுக்குக் குரல் உண்டு என்பது அன்றே தெரிந்த செய்தி.

1870 களின் தொடக்கத்தில் இங்கிலாந்திலே டக்ளஸ் ஸ்போல்டிங் என்பவர் இவ்வழியில் மேலும் ஓர் அடி வைத்தார். வறிய குடும்பத்திற் பிறந்து, தம் முயற்சியாலே கற்று முன்னேறிய அவர், சில குஞ்சுகளின் கண்களையும் சிலவற்றின் செவிகளையும் பொரித்தவுடனே மூடிவைத்தார். சில நாட்கள் கழித்துச் செவியைத் திறந்து, மறைவிலிருக்கும் தாயின் குரலைக் கேட்கச் செய்தபோது, அக்குரலை முன்பின் அறியாத குஞ்சுகள் நேரே அதை நோக்கி ஓடின. தாயின் குரலைக் குஞ்சு கற்றுக்கொள்ள வேண்டியதில்லை, அது பிறவியறிவு என்று ஸ்போல்டிங் முடிவு கட்டினார். ஆனால் 1873 இல் வெளியான அவருடைய கட்டுரையில் இன்னொரு குறிப்பும் உண்டு. எட்டுப் பத்து நாட்கள்வரை தாயின் குரலைக் கேளாதிருந்த குஞ்சு, அதன்பின் அதைக் கேட்டாலும் கேளாதது போலவே இருந்துவிடுகிறது. குரலுக்குச் செவிசாய்க்கும் வாயில் சில நாட்களே திறந்திருந்து, பின்னர் அடைபட்டுவிடுகிறது என்பதே இதன் பொருள். அவ்வாயிலைத் திறப்பதும் அடைப்பதும் யாது என்பது அவர் காலத்தில் விளங்காத புதிர்.

1933 ஆம் ஆண்டில் ஜேர்மனியிலே புரூக்னர் என்பவர் தாய்க்கோழியின் பக்கத்திலிருந்து இதே உறவை ஆராய்ந்தார். குஞ்சொன்றைக் காலிற் கட்டிக் கண்ணாடிக் கவிகைக்குள் வைத்தார். குஞ்சு துடிப்பதும் வாய் திறந்து கீச்சிடுவதும் தாய்க்குத் தெரிந்தன. குரல் மாத்திரம் கேட்கவில்லை. தாயோ ஒன்றும் நிகழாதது போல மேய்ந்துகொண்டிருந்தது. அதே குஞ்சை மறைப்பொன்றின் பின்னே வைத்தபோது, தாய்க்கு உருவம் தெரியவில்லை, குரல் கேட்டது. உடனே சிறகை விரித்துச் சீறிக்கொண்டு தாய் அங்கே பாய்ந்தது. 1960 ஆம் ஆண்டில் வொல்ஃப்காங் ஷ்லைட்டும் அவருடைய கூட்டாளிகளும் வான்கோழிகளிடையே கண்டது இதனினும் கொடியது. செவிப்புலனை இழந்த வான்கோழித்தாய், தான் அடைகாத்துப் பொரித்த குஞ்சுகளையே பகையெனக் கருதிக் கொத்திக் கொன்றது. குஞ்சின் உயிரைக் காப்பது அதன் உருவமன்று, குரலே என்பது இதனால் தெளிவாயிற்று.

பறவையின் தாய்மைக்கும் ஓர் ஓமோன் உண்டு. அமெரிக்காவில் ஒஸ்கார் றிடில் என்பவர் 1930 களின் முற்பகுதியிலே புரோலக்ரின் என்று பெயரிட்ட அப்பொருள், கபச்சுரப்பியிலிருந்து வருவது. கோழியை அடையிலே அமர்த்துவது. தாய்மைக்குக் குரலும் வேண்டும், ஓமோனும் வேண்டும் என்றால், இவ்விரண்டுக்கும் தொடர்பு இருத்தல் வேண்டுமல்லவா? அத்தொடர்பு, எவரும் எதிர்பாராத வகையிலே, ஆகாய விமானத்தின் இரைச்சலிலிருந்து வெளிப்பட்டது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் விமானத் தளங்களுக்கு அருகிலிருந்த பண்ணைக்காரர் பலர், விமான இரைச்சலாற் கோழிகளுக்குக் கேடு நேர்கிறதென்று முறையிட்டனர். உண்மையை அறிய, அமெரிக்காவிலே ஸ்டாடெல்மன் என்னும் ஆராய்ச்சியாளர், பதிவுசெய்த விமான ஓசையைக் கோழிகளின் அருகே ஒலிக்கச் செய்து, 1958 இல் தம் பெறுபேறுகளை வெளியிட்டார். வளரும் குஞ்சுகளின் நிறையிலே குறிப்பிடத்தக்க குறைவு தென்படவில்லை. அடைகிடந்த கோழிகளோ பெரும்பாலும் அடையைக் கைவிட்டு எழுந்துபோயின. 1961 ஆம் ஆண்டில் வேறிருவர், வான்கோழிகளின் அடைகிடக்கும் குணத்தை நீக்குவதற்கு ஓமோன் ஊசி சிறந்ததா, பேரோசை சிறந்ததா என்று இரண்டையும் ஒப்பிட்டே ஒரு கட்டுரை எழுதினார்கள். ஊசிமருந்தும் ஓசையும் ஒரே தராசின் இரு தட்டுகளில் ஏறிய நிகழ்ச்சி அது. சுரப்பியின் ஆட்சிக்குட்பட்ட குணத்தை, செவிவழியே புகும் ஓசையும் மாற்றக்கூடும் என்பதை அது சுட்டிக் காட்டியது.

அதே காலத்தில் அமெரிக்காவின் நூவாக் நகரிலே டானியல் லேர்மனும் அவருடைய வழிவந்தோரும் புறாக்களை ஆராய்ந்து, இத்தொடர்பை இன்னும் தெளிவாகக் காட்டினர். தனித்திருக்கும் பெண்புறாவின் சூலகம் சுருங்கியே இருக்கும். கண்ணாடித் தடுப்புக்கு அப்பாலிருந்து ஆண்புறா தலைதாழ்த்திக் கூவுவதைக் கண்டும் கேட்டும் வந்தால், அச்சூலகம் வளர்ந்து முட்டையிட ஆயத்தமாகிறது. ஆண் அருகே வந்து தொடவும் வேண்டியதில்லை. காட்சியும் கூவலுமே போதும். இவ்வாறு, நூறாண்டுகளுக்கு முன் கொட்டிங்கன் நகரிலே கண்ட உண்மையின் மறுபாதி வெளிவந்தது. சுரப்பி குரலை எழுப்புகிறது. அக்குரல் இன்னோர் உயிரின் சுரப்பியை எழுப்புகிறது.

இனி, முட்டைக்குள்ளே இருக்கும் குஞ்சின் நிலை யாது? கோழி முட்டை பொரிக்க இருபத்தொரு நாட்கள் செல்லும். ஏறக்குறையப் பன்னிரண்டாம் நாளிலேயே முளையத்தின் செவி ஓசையை ஏற்கத் தொடங்கிவிடுகிறது. அக்குஞ்சு ஓசைகளின் நடுவிலேதான் வளர்கிறது. மேலே தாயின் குரல். உள்ளே தன் குரல். பக்கத்திலே உடன்பிறந்த முட்டைகளிலிருந்து எழும் மெல்லிய சொடுக்கொலிகள்.

இச்சொடுக்கொலிகளின் பொருளை விளக்கியவர் கேம்பிறிட்ஜ் சர்வகலாசாலையைச் சேர்ந்த மார்கரெட் வின்ஸ் என்னும் பெண்மணி. காடைக்கோழி நாளுக்கொன்றாகப் பல முட்டைகளை இட்டாலும், குஞ்சுகள் ஏறக்குறைய ஒரே வேளையிற் பொரித்து வெளிவருகின்றன. இது எங்ஙனம் இயலும்? 1960 களில் வின்ஸ் செய்த பரிசோதனைகள் இதற்கு விடையளித்தன. முட்டைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் ஒருமிக்கப் பொரித்தன. பிரித்து வைத்தால் ஒருமைப்பாடு குலைந்தது. முட்டைக்குள்ளே குஞ்சு மூச்சுவிடத் தொடங்கும்போது எழும் சொடுக்கொலியே அவற்றிடையே ஓடும் செய்தி. முந்திய குஞ்சின் சொடுக்கொலி, பிந்திய குஞ்சின் வளர்ச்சியை விரைவுபடுத்துகிறது. கருவியொன்றினாலே அவ்வொலியைச் செயற்கையாக உண்டாக்கியபோதும் குஞ்சுகள் முந்திப் பொரித்தன. ஓசையொன்று வளர்ச்சியின் வேகத்தையே மாற்றுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஸ்போல்டிங் பிறவியறிவு என்று சொன்னதையும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் கில்பேர்ட் கொட்லிப் மீண்டும் ஆராய்ந்தார். பொரிப்பொறியிற் பிறந்து, தாயையே அறியாத வாத்துக்குஞ்சு, தன்னினத் தாயின் அழைப்பையும் கோழியின் அழைப்பையும் கேட்கச் செய்தால், தன்னினத்தின் குரலையே நாடிச் செல்கிறது. ஆனால் முட்டைக்குள்ளேயே அதன் குரல் எழாதபடி செய்து, பிற முட்டைகளின் ஓசையும் கேளாமற் பிரித்துவைத்தால், அத்தெளிவு குலைகிறது. வாத்தின் அழைப்பையும் கோழியின் அழைப்பையும் அதனாற் செவ்வனே பிரித்தறிய முடிவதில்லை. பிறவியிலேயே வந்தது என்று எண்ணிய அறிவுகூட, முட்டையின் இருளிலே தன் குரலைத் தானே கேட்டதனால் முற்றுப்பெற்ற அறிவாகும்.

ஓசை எவ்வழியாகக் குருதியை அடைகிறது என்பதற்கான விளக்கம் வேறோர் ஆராய்ச்சியிலிருந்து கிடைத்தது. 1936 ஆம் ஆண்டில் கனடாவின் மொன்றியல் நகரிலே ஹான்ஸ் செலியே என்னும் மருத்துவர், எலிகளுக்கு வெவ்வேறு தீங்குகளைச் செய்து பார்த்தார். தீங்கு எதுவாயினும் உடலின் மறுமொழி ஒன்றாகவே இருந்தது. சிறுநீரகத்தின் மேலுள்ள அதிரினற் சுரப்பி பருத்தது. நோயை எதிர்க்கும் உறுப்புகள் சுருங்கின. நெருக்கீடு என்று இன்று பேசப்படும் கருத்துக்கு அடிப்படை இதுவே.

கோழிக்குஞ்சிலும் நிகழ்வது இதுதான். திடீரென்று பேரோசை எழுந்தால், செவியிலிருந்து செய்தி மூளைக்குச் செல்கிறது. மூளையின் அடிப்பகுதி கபச்சுரப்பியைத் தூண்டுகிறது. கபச்சுரப்பி விடுக்கும் ஓமோன் குருதிவழியே அதிரினற் சுரப்பியை எட்டுகிறது. அங்கிருந்து கோட்டிக்கொஸ்தெரோன் என்னும் ஓமோன் சில நிமிடங்களுக்குள் குருதியிற் பெருகுகிறது. இப்பொருள் தசையின் புரதத்தைக் கரைத்துச் சர்க்கரையாக்கி, ஓடுவதற்கும் தப்புவதற்கும் வேண்டிய ஆற்றலைத் தருகிறது. பருந்து வரும் வேளையில் இது உயிர்காக்கும் உபாயம். ஆனால் நாள் முழுவதும் பருந்து வந்தவண்ணம் இருப்பதாக உடல் எண்ணிக்கொண்டால் யாது நிகழும்? இவ்வோமோனை நெடுநாட் செலுத்திய குஞ்சுகளில் தசைவளர்ச்சி குன்றியது, கொழுப்பு ஏறியது, நோயெதிர்ப்பு உறுப்புகள் சுருங்கின. வளர்வதற்கென்று இருந்த முதல், அஞ்சுவதிலேயே செலவாகிவிடுகிறது.

குருதியிலே மிகச் சிறிய அளவில் ஓடும் ஓமோன்களை அளப்பது முன்னர் எளிதாக இருக்கவில்லை. அமெரிக்காவில் றொசலின் யாலோவும் சொலமன் பேர்சனும் கண்ட கதிரியக்க அளவீட்டு முறை 1960 களுக்குப் பின் பரவியதும், அத்தடை நீங்கியது; யாலோவுக்கு 1977 இல் நோபெல் பரிசும் கிடைத்தது. 1983 ஆம் ஆண்டில் வேர்ஜீனியாவைச் சேர்ந்த குறோஸ், சீகல் என்னும் இருவர் இன்னோர் எளிய அளவுகோலையும் கொடுத்தனர். கோழியின் வெண்குருதிக் கலங்களில் இருவகையினவற்றின் விகிதத்தை எண்ணினால், அது பட்ட நெருக்கீட்டை மதிப்பிடலாம் என்று அவர்கள் காட்டினர். செக் நாட்டின் பிர்னோ நகரத்து மிருக வைத்தியர்கள் 2009 இல் வெளியிட்ட ஆய்வொன்றில், இறைச்சிக்கோழிகளைப் பத்து நிமிடங்கள் 80 தெசிபெல், 100 தெசிபெல் ஓசைக்கு உள்ளாக்கியபோது, அவற்றின் குருதியிற் கோட்டிக்கொஸ்தெரோன் உயர்ந்திருந்தது. 80 தெசிபெல் என்பது போக்குவரத்து மிகுந்த தெருவின் இரைச்சலை ஒத்தது. பெரிய காற்றாடிகளும் தீவனம் வழங்கும் பொறிகளும் இயங்கும் கொட்டிலிலும் அத்தகைய ஓசை எழக்கூடும்.

இவ்விடத்தில் வரலாற்றின் மற்றோர் இழையையும் நினைத்தல் தகும். குஞ்சைத் தாயிடமிருந்து பிரித்துப் பொரிக்கும் வித்தை புதியதன்று. எகிப்து நாட்டார் சூளைபோன்ற அறைகளிலே சூடேற்றி ஆயிரக்கணக்கான முட்டைகளைப் பொரிக்கும் கலையைப் பண்டைக்காலத்திலேயே அறிந்திருந்தனர். பிரான்சின் றெயோமூர் என்னும் அறிஞர் அக்கலையை ஆராய்ந்து, சாணக்குவியலின் சூட்டிலே பீப்பாய்களை வைத்துக் குஞ்சு பொரிக்கும் முறையை 1749 இல் ஒரு நூலாக எழுதினார். இவர்களெல்லோரும் தாய் தருவது வெப்பம் என்றே எண்ணினர். வெப்பத்தையும் ஈரத்தையும் முட்டையைப் புரட்டும் முறையையும் பொறி ஏற்றுக்கொண்டது. தாய் கொடுத்த நான்காவது பொருளாகிய குரல் ஒருவர் கணக்கிலும் வரவில்லை. தாயின் குரல் இருந்த இடத்தில் பொறியின் இரைச்சல் வந்து அமர்ந்தது.

அவ்வெற்றிடத்தை நல்லோசையால் நிரப்பினால் என்ன விளையும்? புதுடில்லியிலுள்ள அகில இந்திய மருத்துவ விஞ்ஞான நிறுவகத்திலே பேராசிரியர் சசி வாத்வாவும் அவருடைய மாணவர்களும் இதை நெடுங்காலம் ஆராய்ந்தனர். பத்தாம் நாள் முதல் பொரிக்கும்வரை, ஒவ்வொரு மணி நேரத்திலும் கால் மணி நேரம், கோழிகளின் குரலையோ சித்தார் இசையையோ அளவான ஓசையில் முட்டைகளுக்குக் கேட்பித்தார்கள். அவ்வாறு பிறந்த குஞ்சுகளின் மூளையிலே, கேள்விக்குரிய பகுதிகள் மற்றைக் குஞ்சுகளினும் பெரிதாக வளர்ந்திருந்ததை 1999 இல் வெளியான ஆய்வு காட்டியது. 2013 ஆம் ஆண்டின் ஆய்வொன்று, ஓசையின் அளவைப் பார்க்கிலும் அதன் ஒழுங்கு முக்கியமானது என்று உணர்த்தியது. இசையையும் தாளமற்ற இரைச்சலையும் ஒரே உரப்பாக, 110 தெசிபெல் அளவில், தனித்தனிக் கூட்டங்களுக்குக் கேட்பித்தபோது, இசை கேட்ட குஞ்சுகள் வழியறியும் சோதனையிலே முன்னேறின. இரைச்சல் கேட்டவை பின்தங்கின. இரைச்சல் கேட்ட குஞ்சுகளின் குருதியில் நோரதிரினலினும் மிகுந்திருந்தது.

ஸ்போல்டிங் கண்ட புதிருக்கும் ஒரு திறவுகோல் கிடைத்தது. கழுத்திலுள்ள தைரொயிட்டுச் சுரப்பியின் ஓமோன் உடல் வளர்ச்சிக்கு இன்றியமையாதது. குஞ்சு ஓட்டை உடைக்கும் வேளையில் அது குருதியில் உயர்கிறது. பிறந்த குஞ்சு ஒன்றைத் தாயென மனத்திற் பதித்துக்கொள்ளும் காலத்தைத் தொடக்கிவைப்பதும் மூளைக்குட் பாயும் அவ்வோமோனே என்று, யப்பானிய விஞ்ஞானி கொயிச்சி ஹொம்மாவும் கூட்டாளிகளும் 2012 ஆம் ஆண்டில் நிறுவினர். அக்காலம் கழிந்து வாயில் அடைபட்ட குஞ்சுக்கும், அவ்வோமோனைச் செலுத்தினால் வாயில் மீண்டும் திறந்தது. இது கண்வழிப் பதிவு பற்றிய பரிசோதனையே. ஆயினும் உடலை வளர்க்கும் பொருளே உறவை ஏற்கும் மனத்தையும் திறக்கிறது என்னும் உண்மை, குரலுக்கு அடைபடும் செவியைப் பற்றி ஸ்போல்டிங் எழுதிய குறிப்புக்குப் புதிய ஒளி தருகிறது.

இவ்வளவையும் கேட்டதும், வானொலிப் பெட்டியொன்றைக் கொட்டிலில் மாட்டிவிட்டால் கோழி இருமடங்கு கொழுக்கும் என்று எவரும் எண்ணிவிடலாகாது. குஞ்சின் நிறையைத் தீர்மானிப்பவை முதலிற் பரம்பரையும் தீவனமுமே. 2014 இல் வெளியான கனடிய ஆய்வொன்றில், 1957 ஆம் ஆண்டின் இனத்தையும் 2005 ஆம் ஆண்டின் இனத்தையும் ஒரே தீவனமிட்டு வளர்த்தபோது, 56 ஆம் நாளில் முன்னது 905 கிராமும் பின்னது 4,202 கிராமும் நிறுத்தன. இத்தகைய மாற்றத்தை எந்த இசையும் உண்டாக்காது. அன்றியும், ஒரே ஓசை பலகால் திரும்பத் திரும்ப எழுந்தால், கோழி அதற்குப் பழகியும் விடுகிறது. ஸ்டாடெல்மனின் குஞ்சுகள் விமான இரைச்சலிலும் நிறை குறையாதிருந்ததை மறத்தலாகாது. நிறையளவு ஒன்றை மாத்திரம் பார்ப்பவருக்கு, ஓசை செய்யும் வேலையின் பெரும்பகுதி தெரியாமலே போய்விடும். அது பொரிக்கும் நேரத்தில், மூளையின் அமைப்பில், அச்சத்தில், நோயெதிர்ப்பில் வெளிப்படுவது.

இவ்வுண்மை இன்று ஓரளவு சட்டத்திலும் இடம்பெற்றுவிட்டது. இறைச்சிக்கோழி வளர்ப்புக்கென ஐரோப்பிய ஒன்றியம் 2007 ஆம் ஆண்டில் வகுத்த விதிகளில், கொட்டிலின் ஓசை இயன்ற அளவு குறைக்கப்படுதல் வேண்டும் என்றும், காற்றாடிகளும் பொறிகளும் மிகக் குறைந்த இரைச்சல் எழும்படி அமைக்கப்படுதல் வேண்டும் என்றும் ஒரு விதி உண்டு. சிறு பண்ணைக்காரருக்கு இதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. தேய்ந்த காற்றாடியைத் திருத்துதல், தகரக் கதவை அறைந்து சாத்தாதிருத்தல், மின்பிறப்பாக்கியைக் கொட்டிலுக்கு அப்பால் வைத்தல், குஞ்சுகளிடையே புகும்போது மெல்லக் குரல் கொடுத்து நுழைதல் ஆகியன எவருக்கும் கைகூடும் காரியங்களே.

2011 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பிறிஸ்டல் சர்வகலாசாலையிலே, குஞ்சுகளின்மேல் மெல்லிய காற்றை ஊதி அவற்றைச் சற்றே துன்புறுத்தியபோது, அதைக் கண்டிருந்த தாய்க்கோழியின் இதயத்துடிப்பு விரைந்தது. அது குஞ்சுகளை நோக்கி அழைக்கும் குரலும் மிகுந்தது. குஞ்சின் துன்பம் தாயின் உடலிற் படிந்து, குரலாகி, மீண்டும் குஞ்சின் செவிக்கே செல்கிறது. சேவலின் கூவலை எழுப்புவது குருதி என்று 1849 இல் பெர்தோல்ட் கண்டார். அக்குருதியை அமைதிப்படுத்துவதும் கலக்குவதும் குரலே என்பதை அவருக்குப் பின்வந்தோர் கண்டனர். முற்றத்துத் தாய்க்கோழி ஓயாது பேசிக்கொண்டு திரிவது வீண்பேச்சன்று. தீனியையும் சிறகின் சூட்டையும் போலவே, அதுவும் குஞ்சுக்குத் தாய் ஊட்டும் உணவு.